போய்வந்ததாகக் கருதப்படும் தம்புசாமி

பிரயாண ஏஜென்சி தொடங்கும் யோசனை மலாக்காவில் முதன்முதலில் எனக்குத்தான் தோன்றியது. எந்தக் கோயிலிலும் சூடம் அணைத்துச் சத்தியம் செய்யத் தயார். ஜப்பான்காரன் போன மறு வருஷம், வக்கீல் ஆபீசில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நாற்காலியில் சாய்ந்திருந்தபோது தோன்றியது. ஊருக்குப் போக ஆயிரம் பேர் தவிக்கிறார்கள், கப்பல் டிக்கட்டுக்காகப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் அலைகிறார்கள், இங்கேயே ஒரு கடை போட்டால் என்ன என்று நினைத்தேன். நினைத்தபடியே தூங்கிவிட்டேன். அதன்பின் ஆறு வருஷம் அந்த யோசனையை யாரிடமும் சொல்லாமல் பத்திரமாக வைத்திருந்தேன்.

1952இல் தம்புசாமி அதைச் செய்துவிட்டான்.

தம்புசாமி ஜாசின் பஸ்ஸில் டிக்கட் கிழித்துக்கொண்டிருந்தவன். படிப்பு தோட்டத்துப் பள்ளிக்கூடத்தோடு சரி. ஆனால் அந்தத் தடத்தில் ஏறி இறங்குகிற எல்லாருக்கும் அவனைத் தெரியும். எவன் அப்பனுக்கு ஊரில் கடைசிக் காலம், எவள் தங்கைக்குக் கல்யாணம், யாருக்குக் கப்பல் கிடைக்கவில்லை என்பதெல்லாம் டிக்கட்டோடு சேர்ந்து அவன் கையில் வந்து விழும். காட்டுக்குள் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளை ஒடுக்க அரசாங்கம் அவசர காலம் அறிவித்தபிறகு ஊருக்குப் போவது லேசான காரியமாக இல்லை. ஐ.சி. என்கிற அடையாள அட்டை வேண்டும், தோட்டத்துத் துரையின் கடிதம் வேண்டும், போலீஸ் தடையில்லை என்று சொல்ல வேண்டும், அம்மை குத்திய சர்ட்டிபிகேட் வேண்டும், திரும்பி வர ஒரு பெர்மிட் வேண்டும். எது இல்லாமல் போனாலும் துறைமுகத்தில் நிறுத்திவிடுவார்கள். தம்புசாமி தன் லீவு நாளிலெல்லாம் தோட்டத்து ஆட்களுக்கு இந்த விண்ணப்பப் பாரங்களை நிரப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தான். எந்த ஆபீசில் எந்தக் கிராணி எத்தனை மணிக்குத் தேநீர் குடிக்கப் போவார் என்பது வரை அவனுக்கு அத்துப்படி.

ஒரு நாள் பஸ் வேலையை விட்டுவிட்டு, புங்கா ராயா ரோட்டின் கோடியில், சீனர் சைக்கிள் கடைக்கும் சலூனுக்கும் நடுவே ஒரு சந்துக் கடையைப் பிடித்துவிட்டான். வாசலில் ஒரு போர்டு மாட்டினான். அனுமதி வராததால் அதன்மேல் மனைவி சுசீலாவின் பழைய சேலையைப் போர்த்தியிருந்தான். நான் தினமும் ஆபீஸ் போகிற வழியில் அந்தச் சேலையைப் பார்ப்பேன். காற்றடித்து ஒரு முனை விலகும்போது 'பிரயா' என்ற மூன்று எழுத்துகள் தெரியும். எனக்கு வயிறு பற்றி எரியும்.

மாவட்ட ஆபீசில் அவனுக்கு ஒரு புதுப் பாரம் கொடுத்திருந்தார்கள். அவசர காலத்தில் ஆட்களைக் கப்பலேற்றுகிற தொழில் யாரிடம் போகிறது என்று அரசாங்கத்துக்குத் தெரிய வேண்டுமாம். அதனால் பிரயாண விஷயத்தில் அங்கீகாரம் பெற்ற ஓர் அமைப்பு அவனுக்கு நற்சான்றுக் கடிதம் தரவேண்டும். மாதக் கடைசிக்குள் கடிதம் வராவிட்டால் மனு தள்ளுபடி. பழைய வேலைக்கும் திரும்ப முடியாது. அவன் தோள்பையை இன்னொருவன் மாட்டிக்கொண்டுவிட்டான். சுசீலாவுக்கு வேறு அப்போது ஏழாவது மாதம்.

மாநிலம் முழுக்கத் தேடினாலும் அப்படிப்பட்ட அமைப்பு ஒன்றுதான் இருந்தது. மலாக்கா மாநில இந்தியப் பிரயாணிகள் நலப் பாதுகாப்புச் சங்கம். அதன் துணைச் செயலாளர் தனபாலன், அதாவது நான்.

எங்கள் சங்கத்தைப் பற்றிக் கொஞ்சம் பெருமையாகவே சொல்லலாம். அறுபத்திரண்டு விதிகள், பதினான்கு துணைக்குழுக்கள், பத்தொன்பது உறுப்பினர்கள். யாரும் எங்கும் போனதில்லை. தலைவர் கணேசமூர்த்தி ஓய்வுபெற்ற தோட்டத்து டிரஸ்ஸர். எல்லா நோய்க்கும் ஒரே வெள்ளை மருந்தைக் கொடுத்து முப்பது வருஷம் ஓட்டியவர். இரண்டு வயதில் தாயார் மடியில் உட்கார்ந்து நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் வந்தார் என்பதால் சங்கத்தில் அவருக்குக் கடல் அனுபவம் உள்ளவர் என்று பெயர். பொருளாளர் வடிவேலு மளிகைக்கடைக்காரர். பக்கத்து ஊரான தம்பின் ரயில் நிலையத்தைத் தாண்டினால் அவருக்குத் தலை சுற்றும்.

சங்கத்தின் ஒரே வேலை வழியனுப்புவது. ஊருக்குப் போகிறவனுக்கு மாலை போட்டு அனுப்பாவிட்டால் அவனை யாரோ துரத்திவிட்டதாக எங்கள் பக்கத்தில் பேசிக்கொள்வார்கள். அதனால் எவன் கிளம்பினாலும் நாங்கள் கூட்டம் போடுவோம். பொன்னெழுத்தில் அச்சடித்த பிரிவுபசாரப் பத்திரத்தைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டு வாசித்துக் கொடுப்போம். பிறகு குரூப் போட்டோ. போட்டோவில் யார் உட்காருவது, யார் நிற்பது, யார் பாதி முகம் தெரிய நிற்பது என்பதற்கே ஒன்பது விதிகள் உண்டு. போகிறவன் கப்பலைத் தவறவிட்ட சந்தர்ப்பங்கள் உண்டு. போட்டோ தவறியது கிடையாது.

தம்புசாமி எங்கள் முன்னால் வந்து நின்றான். காக்கிச் சட்டையில் கம்பெனி பட்டன்களைக் கழற்றிவிட்டு வேறு பட்டன் தைத்திருந்தான்.

"தம்பி, ஒங்களுக்கு இந்த யோசன எப்ப வந்துச்சு?" என்றார் தலைவர்.

"போன தீவாளி முடிஞ்சுங்க ஐயா. பஸ்ல ஆளுங்க கேட்டுக்கிட்டே இருந்தாங்க. சரி, ஒரு மேசயப் போட்டு ஒக்காந்து செஞ்சா என்னான்னு..."

"எனக்கு நாப்பத்தொண்ணுலயே வந்துருச்சு. யுத்தம் வந்து கெடுத்துருச்சு."

வடிவேலு தொண்டையைக் கனைத்தார். "தலைவர் கோவிச்சுக்கக் கூடாது. எனக்கு முப்பத்தொம்பது."

என்னுடையது நாற்பத்தாறு. இந்தக் கூட்டத்தில் அது வெளியே சொல்லக்கூடிய வருஷமாக இல்லை.

பதினோரு செயற்குழு உறுப்பினர்களில் ஒன்பது பேருக்கு இந்த யோசனை தம்புசாமிக்கு முன்பே வந்திருந்தது அன்று தெரியவந்தது. ஆகவே 'யோசனை ஆய்வுத் துணைக்குழு' அமைக்கப்பட்டது. அது பதினைந்தாவது துணைக்குழு. மூன்று அமர்வுகளுக்குப் பிறகு, யோசனை சங்கத்தின் பொதுச்சொத்து என்றும், தம்புசாமி அதைத் தற்காலிகமாகக் கையில் வைத்திருப்பவர் என்றும் முடிவு சொன்னது.

"நல்லதுங்க ஐயா," என்றான் தம்புசாமி. "அப்ப லெட்டர் என்னிக்குக் கெடைக்கும்?"

அவனுக்குக் கோபம் வரவில்லை என்பதுதான் எனக்கு மிகவும் கோபம் தந்தது. ஆகவே தகுதித் தேர்வு வைக்க வேண்டும் என்று நானே பிரேரணை கொண்டுவந்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாய்மொழித் தேர்வு.

"கப்பல்ல ஒங்களுக்கு வாந்தி வருமா?" தலைவர் கேட்டார்.

"தெரியலீங்க. நான் கப்பல் ஏறினது இல்ல."

"கடலாவது பாத்திருக்கீங்களா?"

"செர்காம் வரைக்கும் போயிருக்கேங்க. கருவாடு வாங்க."

மேசையைச் சுற்றி ஒரு நிம்மதிப் பெருமூச்சு எழுந்தது. தலைவர் என்னைப் பார்த்தார். நான் விதிப்புத்தகத்தைத் திறந்து பதினான்கு இ பிரிவை வாசித்தேன். 'தான் சென்று திரும்பாத வழியில் பிறரை அனுப்பும் தகுதி ஒருவருக்கும் இல்லை.'

அந்த விதி அங்கே ரொம்ப நாளாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். அதற்கு இடம் இருந்தது. பதினான்கு ஆ பிரிவுக்குக் கீழே மூன்று விரற்கடை காலியாகக் கிடந்தது. சங்கத்தின் கையெழுத்து எப்போதும் என் கையெழுத்துதான்.

தலைவர் எழுந்தார். மேடையில் பேசும்போது அவருக்கு வேறு தமிழ் வந்துவிடும்.

"தம்பி தம்புசாமி அவர்களே! இதைப் பொறாமை என்று சிலர் சொல்லக்கூடும். பொறாமை என்பது இந்தச் சங்கத்தில் இருபத்தேழாம் விதிப்படி தடைசெய்யப்பட்ட ஒன்று. நம்மில் ஒருவர் முந்திப் போனால் மற்றவர்களுக்கு ஏற்படும் மன வருத்தத்தை எண்ணிப் பாருங்கள். அவரைக் கையைப் பிடித்து நிறுத்தி, எல்லாரும் ஒரே இடத்தில் நிற்கச் செய்வதற்குப் பெயர்தான் ஒற்றுமை! அந்த ஒற்றுமையைப் பதினைந்து ஆண்டுகளாக ஓர் அங்குலம்கூட நகராமல் நாங்கள் காத்து வருகிறோம்!"

கைதட்டல் பலமாக இருந்தது. நானும் தட்டினேன்.

தம்புசாமிக்குப் பாதிதான் புரிந்தது. "அப்ப நான் இந்தியாவுக்குப் போயிட்டு வரணும், அப்பறந்தான் லெட்டரா? மாசக் கடைசிக்குள்ளயா ஐயா? வீட்டுல அதுக்கு வேற மாசமா இருக்கு. போறதுக்கே ஒரு வாரம் ஆவுமே."

"சட்டம்னா சட்டந்தான் தம்பி," என்றார் வடிவேலு. "அதுக்கு வீட்டுல மாசமா இருக்கறது தெரியாது."

அவன் அழுவான், கெஞ்சுவான், பஸ் கம்பெனி முதலாளி காலில் போய் விழுவான் என்று எதிர்பார்த்தேன். சேலையை அவிழ்க்காமலே போர்டைக் கழற்றிவிடுவான். பிறகு கொஞ்ச நாள் விட்டு, அதே சந்துக் கடைக்கு என்ன வாடகை என்று நான் சும்மா விசாரிக்கலாம். ஆனால் அவன் கடைசி நாள் வரைக்கும் ஏதாவது வழி பிறக்கும், அதுவரை சங்கம் சொல்கிறபடி நடப்போம் என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, தன் பாரங்களைத் தானே நிரப்ப உட்கார்ந்தான். எங்கள் உறுப்பினர் ஒருவர் அதே காகிதங்களுக்காக இரண்டு மாதமாக அலைந்துகொண்டிருந்தார். தம்புசாமி ஒரே காலையில் எல்லாவற்றையும் முடித்து, மத்தியானம் வீட்டுக்கு மீன் வாங்கிக்கொண்டு போனான்.

போகிறவன் என்றால் வழியனுப்ப வேண்டும். அது மூன்றாம் விதி. எங்கள் எதிரியாகவே இருந்தாலும் மாலை போட்டுத்தான் ஆகவேண்டும்.

ஐந்து பேருக்கு மேல் கூடுவதற்குப் போலீஸ் அனுமதி வேண்டும். பிரிவுபசாரப் பத்திரத்தின் வாசகத்தை முன்கூட்டியே ஸ்டேஷனில் கொடுக்கச் சொன்னார்கள். நான்தான் எழுதியிருந்தேன். எழுதும்போது பல்லைக் கடித்துக்கொண்டுதான் எழுதினேன், ஆனாலும் நடை நன்றாக வந்திருந்தது. இரண்டு நாள் கழித்து மொழிபெயர்ப்பாளர் கூப்பிட்டனுப்பினார்.

"எங்கள் நெஞ்சக் காட்டில் மறைந்து வாழும் மாவீரரேன்னு எழுதிருக்கீங்க. இன்ஸ்பெக்டர் கேக்கறாரு, இந்தக் காடு எந்த மாவட்டத்துல இருக்கு? எத்தன பேரு மறைஞ்சிருக்காங்க?"

"அது உருவகம் சார்."

"உருவகத்துக்கு பெர்மிட் இல்ல லா. மாத்திக் குடுங்க."

'எங்கள் நெஞ்சத் திடலில் எல்லாரும் பார்க்க நிற்பவரே' என்று மாற்றிக் கொடுத்தேன். கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார்கள். அனுமதி ஐம்பது பேருக்கு. பிற்பகல் இரண்டிலிருந்து நான்கு வரை. ஊரடங்குக்குள் எல்லாரும் வீடு சேர வேண்டும். சாப்பாடு கிடையாது, பிஸ்கட் மட்டும்.

ஐம்பது பேர் என்பதே அதிகம் என்று நாங்கள் நினைத்தோம். சங்கத்தின் வரலாற்றில் மிக அதிக மாலை விழுந்தது தலைவருக்குத்தான். மூக்குக்கண்ணாடி மாற்ற அவர் சிங்கப்பூருக்குக் கிளம்பியபோது பதினொரு மாலை. கடைசியில் காய்ச்சல் வந்து போகவில்லை, ஆனால் மாலைகள் கணக்கில் இருந்தன.

அன்று இரண்டு மணிக்கு மண்டபத்துக்கு வெளியே லாரிச் சத்தம் கேட்டது. ஒன்றல்ல, மூன்று. பெம்பான் தோட்டத்துக் கங்காணி இருளாண்டி துரையிடம் சொல்லி லாரிகளை வாங்கி வந்திருந்தார். பின்னாலேயே ஜாசினிலிருந்து ஒரு பஸ். பழைய டிரைவரே ஓட்டிக்கொண்டு வந்தார். மஸ்ஜித் தானாவிலிருந்து கடைக்காரர் ஒருவர் தன் காரில் மாலையோடு வந்து இறங்கினார். வேட்டியும் சேலையுமாக ஆட்கள் இறங்கிக்கொண்டே இருந்தார்கள். குடும்பத்துக்கு ஒன்றாகக் கையில் மாலை. தோட்டத்துக் கேட்டில் காட்டிலிருப்பவர்களுக்கு மாலைக்குள் அரிசி ஒளித்துக் கொண்டுபோகிறார்களா என்று காவல்காரர்கள் குச்சியால் குத்திப் பார்த்ததில் பாதி மாலைகள் பிய்ந்திருந்தன. பிய்ந்ததை வழியெல்லாம் நாரால் கட்டிக்கொண்டே வந்திருந்தார்கள்.

ஐம்பது பேருக்கு மேல் உள்ளே விட முடியாது. ஆகவே பத்துப் பத்துப் பேராக உள்ளே வந்து, மாலையைப் போட்டுவிட்டு, பின்வாசல் வழியாக வெளியே போனார்கள். நான் வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தேன். ஒரு கிழவி என் சட்டைக் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஏம்ப்பா, நீ காளியம்மா மவன் தனபாலன்தானே?"

"நான் சங்கத்தின் துணைச் செயலாளர்."

"அது இருக்கட்டும்யா. என்னத் தெரியல? மாரியம்மா. அடுத்த வீடு. நீ காளியம்மா மவன்தானே?"

"வரிசை நகரட்டும், வரிசை நகரட்டும்," என்று சத்தம் போட்டேன். தலைவர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கிழவி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு நகர்ந்துபோனாள்.

நாற்பத்தேழு மாலை. நான் எண்ண வேண்டாம் என்றுதான் இருந்தேன். வடிவேலு உரக்க எண்ணிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு எண்ணுக்கும் அவர் குரல் கம்மிக்கொண்டே போனது. தம்புசாமியின் மூக்குக்கு மேலே மட்டும்தான் தெரிந்தது. சுசீலா பூவைக் கொஞ்சம் ஒதுக்கி அவன் மூச்சுவிட வழிசெய்தாள். போட்டோவில் நடு நாற்காலியில் அவன். ஒன்பது விதிகளின்படியும் அது அவன் இடம்தான். நான் மூன்றாவது வரிசையில், ஒரு தூணுக்குப் பக்கத்தில் நின்றேன். எனக்கு இவ்வளவு ஆட்கள் ஏன் இல்லை என்று அந்த இடத்திலேயே அழுகை வந்தது. தூசி என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

கப்பலுக்கு இன்னும் நாள் இருந்ததால் தம்புசாமி ஊரில்தான் இருந்தான். மறுநாள் காலை எட்டு மணிக்கு தலைவர் அவன் கடையில் இருந்தார். சுசீலா இதை என் மனைவி ராஜம்மாவிடம் சொல்லி, ராஜம்மா எனக்குச் சொன்னாள்.

"தம்பி, ஊருக்குப் போயி மண்ண மிதிக்கணும்னு எனக்கும் ரொம்ப நாளா ஒரு ஆச. டெக்குல ஒரு எடம் பாத்துக் குடுங்களேன்."

"லைசன்சு இல்லாம நான் ஒரு டிக்கட்டும் எடுக்கக் கூடாதுங்க ஐயா. லைசன்சுக்கு ஒங்க லெட்டர் வேணும்."

"வேற யாராச்சும்..."

"பினாங்குலதான் கேக்கணுங்க. ரயில் பாதையெல்லாம் இப்ப எப்படியிருக்குன்னு ஒங்களுக்கே தெரியும்."

தலைவர் வெளியே வரும்போது வடிவேலு உள்ளே போய்க்கொண்டிருந்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்க்காத மாதிரி நடந்தார்கள். மத்தியானத்துக்குள் செயற்குழுவில் ஏழு பேருக்குத் தாய்நாட்டுப் பாசம் வந்துவிட்டது. காரணம் எனக்குத் தெரியும். என் வயிற்றில் எரிந்துகொண்டிருந்த அதே நெருப்புதான். மாலை வேண்டுமென்றால் எங்காவது போக வேண்டும். போக வேண்டுமென்றால் டிக்கட் வேண்டும். டிக்கட் வேண்டுமென்றால் தம்புசாமிக்குக் கடிதம் கொடுக்க வேண்டும்.

அன்று மாலையே கூட்டம் கூடியது. மாதம் முடிய மூன்று நாள் இருந்தது.

ஒரே சிக்கல் பதினான்கு இ. அதை நீக்கலாம் என்றால் பொதுக்கூட்டம் வேண்டும், பொதுக்கூட்டத்துக்கு இருபத்தோரு நாள் முன்னறிவிப்பு வேண்டும். எல்லாரும் என்னைக் குறைசொல்வது போலப் பார்த்தார்கள். அப்போது தலைவர் கூட்ட நடவடிக்கைகளை எழுதிவைக்கும் மினிட் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்தார். முப்பது வருஷ வெள்ளை மருந்துக்குப் பிறகு அவர் தலையில் முதல்முறையாக ஒரு புது யோசனை வந்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

"நேத்து மினிட்ல என்ன எழுதிருக்கு? வாசிங்க."

வாசித்தேன். "திரு. தம்புசாமி அவர்கள் இன்று பிற்பகல் மூன்று ஐம்பதுக்கு நாற்பத்தேழு மாலைகளுடன் இந்தியாவுக்கு வழியனுப்பி வைக்கப்பட்டார்."

"அப்ப, சங்கத்தப் பொறுத்த வரைக்கும் ஆளு போயாச்சு. சரியா? இப்ப ஆளு எங்க இருக்காரு?"

தம்புசாமி வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். எல்லாரும் திரும்பிப் பார்த்தோம்.

"இங்கதான் இருக்காரு," என்றார் வடிவேலு.

"போன ஆளு இங்க இருந்தா என்ன அர்த்தம்? திரும்பி வந்துட்டாருன்னு அர்த்தம்."

அந்த அறையில் அப்படி ஒரு மகிழ்ச்சி. தீர்மானத்தை நான்தான் எழுதினேன்: 'முறைப்படி வழியனுப்பி வைக்கப்பட்ட திரு. தம்புசாமி அவர்கள் மலாக்காவில் கண்ணால் காணப்படுவதால், அவர் இந்தியா சென்று சுகமே திரும்பியதாக இச்சங்கம் கருதுகிறது.' ஏகமனதாக நிறைவேறியது.

தம்புசாமியை உள்ளே கூப்பிட்டு வாசித்துக் காட்டினோம். அவன் இரண்டு முறை கேட்டான்.

"ஐயா, நான் இன்னும் போகவே இல்லீங்களே."

"அது ஒங்க அபிப்பிராயம் தம்பி," என்றார் தலைவர். "மினிட்ல வேற மாரி இருக்கு."

"வீட்டுலதானுங்க ராத்திரி சாப்பிட்டேன்."

"திரும்பி வந்ததும் வீட்டுச் சாப்பாடுதானே சாப்பிடுவாங்க? பயணம் எப்படி? சுகமா இருந்துச்சா?"

தம்புசாமி எங்கள் பதினோரு பேரையும் ஒருமுறை பார்த்தான். மாதக் கடைசியை நினைத்திருப்பான், சுசீலாவை நினைத்திருப்பான்.

"சுகந்தானுங்க," என்றான். "அல கொஞ்சம் அதிகம்."

கடிதம் கையில் கிடைத்தது. இத்தோடு முடிந்திருந்தால் நான் எப்படியாவது தாங்கியிருப்பேன். ஆனால் திரும்பி வந்தவரை வரவேற்க வேண்டும் என்று ஐந்தாம் விதி சொல்கிறது. மறுபடியும் பெர்மிட், மறுபடியும் லாரி. இந்த முறை ஐம்பத்திரண்டு மாலை. ஒருவன் சந்துக்கடையை விட்டு நகராமலே மொத்தம் தொண்ணூற்றொன்பது மாலை வாங்கிவிட்டான். அன்று ராஜம்மா கொடுத்த சோற்றை நான் தொடவில்லை.

"அவனுக்கு மால விழுந்தா ஒங்களுக்கு ஏன் கழுத்து வலிக்குது?" என்றாள் அவள்.

லைசன்ஸ் வந்தது. சேலையை எடுத்தான். முதல் வாரமே பெஞ்சில் உட்கார இடம் இல்லை. எங்கள் சங்கத்தாரும் ஒவ்வொருவராகப் பயணம் வைத்தார்கள். முதலில் தலைவர். பெம்பானிலிருந்து மூன்று லாரி வர வேண்டும் என்று எனக்கு உத்தரவு. டவுனுக்கு வந்திருந்த இருளாண்டியிடம் சொன்னேன்.

"அவரு யாருங்க?" என்றார் இருளாண்டி.

"சங்கத் தலைவர். பழைய டிரஸ்ஸர்."

"வெள்ள மருந்துக்காரரா? போறது நல்லதுதானுங்க. லாரிதான் தோது இல்ல."

தலைவருக்கு ஆறு மாலை விழுந்தது. அதில் ஒன்று அவரே வாங்கியது என்று வடிவேலு சொல்லிக்கொண்டு திரிந்தார். வடிவேலு கிளம்பியபோது ஐந்து. போகப் போக மாலை போடுவதற்கு மிஞ்சிய ஆட்கள் குறைந்தார்கள், அதனால் மாலையும் குறைந்தது. கடைசியாகக் கிளம்பியவருக்கு நான் ஒருவனே பத்திரம் வாசித்து, நானே மாலை போட்டு, நானே கைதட்டினேன். போட்டோக்காரர் முக்காலியை மடக்கிக்கொண்டே, "அடுத்தது நீங்கதானே சார்?" என்று கேட்டார்.

அடுத்தது நான்தான். எனக்கு மட்டும் என்ன குறைச்சல்?

மறுநாள் தம்புசாமியின் கடைக்குப் போனேன். பெஞ்சில் நாலைந்து தோட்டத்துக்காரர்கள் கையில் போட்டோவோடு உட்கார்ந்திருந்தார்கள். அவன் எழுந்து தன் நாற்காலியை எனக்குக் கொடுத்தான். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு மனிதன் ஜெயித்த பிறகாவது கொஞ்சம் மோசமாக நடந்துகொள்ள வேண்டாமா?

பாரத்தை எடுத்து வைத்து, பேனாவை மையில் தொட்டான். பெயர், வயது, ஐ.சி. நம்பர் எல்லாம் கேட்டு எழுதினான். "யாரப் பாக்கப் போறீங்க சார்? இத எழுதாட்டி பெர்மிட் குடுக்க மாட்டாங்க."

அதை நான் யோசித்திருக்கவில்லை. அந்தக் கரையில் எனக்கு ஒருவரையும் தெரியாது. அப்பாவின் ஊர்ப் பெயரைக்கூட நான் கேட்டுவைத்துக்கொண்டதில்லை. தலைவரும் வடிவேலும் மற்றவர்களும் என்ன சொன்னார்களோ அதையே சொன்னேன்.

"அம்மாவை."

தம்புசாமி எழுதவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு, பெஞ்சில் இருப்பவர்களுக்குக் கேட்காதபடி என் பக்கம் குனிந்தான்.

"சார், காளியம்மாக்கா பெம்பான் தோட்டத்துல அஞ்சாம் லயத்து வீட்டுலதான இருக்காங்க? நான் டிக்கட் கிழிச்சப்பக் கூட பஸ்ஸு வந்தா தோட்டத்து கேட்டுப் பக்கத்துல வந்து எட்டி எட்டிப் பாப்பாங்க. மவன் வரலியாக்கான்னு கேட்டா, எம்மவன் பெரிய பிரயாணச் சங்கத்துல இருக்கான், ஊர் ஊரா போய்க்கிட்டே இருப்பான், அவனுக்கு எங்க நேரம்னு சொல்வாங்க."

முள்கம்பி வேலி, கேட்டில் சோதனை, ஊரடங்கு என்று நாலு வருஷமாக ராஜம்மாவிடம் சொல்லிவந்த காரணங்கள் எல்லாம் வாய்வரை வந்தன. அதே கேட்டைத் தாண்டித்தான் மூன்று லாரி ஆட்கள் பிய்ந்த மாலையோடு இவனுக்காக வந்தார்கள்.

"அதுக்குக் கப்பல் வேணாம் சார்," என்றான் தம்புசாமி. "பன்னெண்டு மைலு. ரெண்டர பஸ்ஸு இருக்கு. கேட்டுல ஐ.சி. காட்டினா விட்டுருவாங்க."

அந்த நிமிஷத்தில்கூட எனக்கு முதலில் வந்தது பொறாமைதான். என் அம்மா என்னைப் பற்றிப் பேசியதையெல்லாம் நாலு வருஷமாக இவன் கேட்டிருக்கிறான், நான் கேட்கவில்லை. பாரத்தை அவன் கையிலிருந்து வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். பிறகு பெம்பான் பஸ் இப்போது எங்கே நிற்கிறது என்று அவனிடமே கேட்டேன்.